"எரர் வருது, என்ன பண்றது?": புரோகிராமிங் புதியவர்கள் கேள்வி கேட்கவும் தானாகக் கற்கவும் ஒரு வழிகாட்டி

எந்த புரோகிராமிங் குழுவில் சேர்ந்தாலும் வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வந்து விழும்: "அண்ணா, பைத்தான்ல எரர் வருது, ஹெல்ப் பண்ணுங்க." கூடவே லேப்டாப் திரையைச் சாய்வாகப் பிடித்து எடுத்த ஒரு ஃபோட்டோ. அதில் பாதி எரர், மீதி டியூப்லைட் வெளிச்சம். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் "முழு எரரையும் அனுப்புப்பா" என்றுதான் வரும். கேட்டவர் மனம் விட்டுப்போய், நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுவார். அவருக்கு அறிவில் எந்தக் குறையும் கிடையாது. பதில் சொல்பவருக்குத் தேவையான எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை, அவ்வளவுதான்.

பொதுவாக அறிவுரை சொல்லிக்கொண்டு போனால் யாருக்கும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது முளைப்பதிலிருந்து தீர்வது வரை கூடவே போவோம். தமிழில் எழுதுகிற எல்லாரும் ஏதோ ஒரு நாள் மாட்டிக்கொள்கிற பிரச்சினைதான் இது.

நீங்கள் பைத்தான் பழகத் தொடங்கியிருக்கிறீர்கள். கணினியில் விண்டோஸ். வகுப்பில் உள்ளவர்களின் பெயர்கள் தமிழில் உள்ள ஒரு டெக்ஸ்ட் கோப்பைப் படித்து, எந்தப் பெயர் நீளமானது என்று கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதுகிறீர்கள். முப்பது நாற்பது வரி இருக்கும். ஓடவிட்டதும் சிவப்பாக ஒரு பத்தி வந்து நிற்கிறது.

முதலில், கீழிருந்து மேலே படியுங்கள்

அந்தச் சிவப்புப் பத்திக்கு டிரேஸ்பேக் என்று பெயர். புதியவர்கள் மேலே உள்ள முதல் வரியைப் பார்த்துவிட்டு, பயந்து மூடிவிடுவார்கள். பைத்தானில் விஷயம் கடைசி வரியில் இருக்கும். என்ன வகை எரர், ஏன் என்பது அங்கே. அதற்கு மேலே, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் நடந்தது என்று இருக்கும். அதற்கும் மேலே, அந்த வரிக்கு எந்த ஃபங்ஷன் வழியாக வந்து சேர்ந்தது என்கிற பாதை. அதனால் கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறி, நீங்களே எழுதிய ஒரு வரி கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும், அல்லது அதற்கு ஒன்றிரண்டு வரி முன்னால்.

பைத்தானின் பழைய பதிப்புகளில் எரர்கள் கொஞ்சம் முரடாகத்தான் பேசும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து நிறைய மாறிவிட்டது. மாறியின் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டினால், "இதையா சொல்ல வந்தீர்கள்?" என்று சரியான பெயரை எடுத்துக் காட்டும். அடுத்த ஆண்டு வந்த 3.11, ஒரு வரியில் எந்தத் துண்டில் சிக்கல் என்பதை அடியில் குறி போட்டே காட்டுகிறது. ஆகவே கல்லூரி லேபில் போட்டுக் கொடுத்த பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நம் நிரலுக்கு வந்த எரரின் பெயர் யுனிகோட்டிகோட்எரர். 'சார்மேப்' என்ற கோடெக்கால் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று சொல்கிறது. ஒன்றும் புரியவில்லையா? பரவாயில்லை, இப்போதைக்குப் புரிய வேண்டியதில்லை. கோப்பைப் படிக்கும் வரியில்தான் நின்றிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் நீளத்தை ஒப்பிட நீங்கள் எழுதிய லூப்பின் மேல் எந்தப் பழியும் இல்லை. அதை நோண்ட வேண்டாம்.

அப்புறம், பிரச்சினையைக் குட்டியாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பதற்கு முன்னால், எரர் அப்படியே வந்துகொண்டிருக்க, நிரலிலிருந்து எதையெல்லாம் தூக்கி எறிய முடியுமோ அதையெல்லாம் எறியுங்கள். முதல் நிரலைத் தொடாமல், ஒரு நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

நீளத்தை ஒப்பிடும் பகுதியை நீக்குகிறீர்கள். எரர் இன்னும் வருகிறது. பட்டியலில் போடும் பகுதியை நீக்குகிறீர்கள். இன்னும் வருகிறது. கடைசியில் மூன்று வரிதான் மிச்சம்: கோப்பைத் திற, படி, அச்சிடு. இனி நிரலில் நீக்க ஒன்றும் இல்லை, ஆனால் கோப்பில் இருக்கிறது. நாற்பது பெயர்களில் பாதியை வெட்டுங்கள். எரர் வந்தால் மிச்சமுள்ளதில் மறுபடி பாதி. வராவிட்டால் வெட்டிய பாதியை எடுத்துப் பாருங்கள். நாற்பது பெயர் என்றால் ஐந்தாறு முறையில் ஒற்றைப் பெயருக்கு வந்துவிடுவீர்கள்.

இங்கேதான் சுவாரசியம். கோப்பில் 'கமலா' என்று மட்டும் இருந்தால் எரரே இல்லை! ஆனால் திரையில் கமலாவும் இல்லை. ஆங்கில 'ஏ' மேல் கோடு, பதிவு முத்திரை, பின்னம் என்று ஏதோ குறிகள் வரிசையாக வருகின்றன. 'மலர்' என்று இருந்தால் எரர். 'முருகன்' என்றாலும் எரர்.

நாற்பது வரி நிரலையும் நாற்பது பெயரையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் முறைத்துப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. இப்போது கையில் இருப்பது தெளிவான ஒரு புதிர்: ஒரு பெயர் குப்பையாக வருகிறது, இன்னொரு பெயர் வரவே மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 'மலர்' முடிவில் ஒரு புள்ளி இருக்கிறது. 'கமலா'வில் இல்லை. சரி, புள்ளியில் ஏதோ இருக்கிறது.

என் கணக்கில், கேட்க வந்த கேள்விகளில் ஒரு பெரிய பங்கு இந்தப் படியிலேயே தீர்ந்துபோகும். கேட்காமலே விடை கிடைத்துவிட்டதே என்று சிலருக்கு வருத்தமாகக்கூட இருக்கும்.

ஆவணத்தைத் திறந்து பாருங்கள், அஞ்ச வேண்டாம்

அதிகாரபூர்வ ஆவணம் என்றாலே பெரியவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு நேரே யூடியூபுக்குப் போகிறவர்கள் உண்டு. பைத்தானின் டுடோரியல் அப்படிப்பட்ட ஆவணம் இல்லை. ஆங்கிலம் சுமாராகப் படிக்கத் தெரிந்தால் போதும். அதில் 7ஆம் அத்தியாயம் உள்ளீடு, வெளியீடு பற்றியது. கோப்பைத் திறப்பது பற்றிய பகுதியில், வேறு என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்தால் ஒழிய, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுவதே நல்லது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் நிரலில் அதைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டதும் கமலாவும் வருகிறாள், மலரும் வருகிறாள்.

இணையத்தில் தேடுவதாக இருந்தால், எரரின் கடைசி வரியை மட்டும் எடுத்து, அதிலிருந்து உங்கள் ஃபோல்டர் பெயர், கோப்புப் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டுத் தேடுங்கள். உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய சொற்கள் தேடலைக் கெடுக்கும். மொழியின் பெயரைக் கூடச் சேருங்கள்.

சரி, இவ்வளவு செய்தும் விளங்கவில்லை என்றால்? அரை மணி நேரம் உருப்படியாக முயன்றாயிற்று, புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். வீம்புக்காக மூன்று நாள் ஒரே வரியில் முட்டிக்கொண்டு நிற்பதில் எந்தப் பெருமையும் இல்லை. எல்லாவற்றையும் தனியாகவே செய்தால்தான் கற்றதாக அர்த்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேலையில் மூத்த புரோகிராமர்களும் நாள்தோறும் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கிறார்கள்.

கேள்வியை எழுதும் விதம்

மேலே செய்த வேலையை அப்படியே எழுதினால் கேள்வி தயார். இப்படி:

"விண்டோஸ் 11, பைத்தான் 3.12. ஒரே ஒரு பெயர் உள்ள டெக்ஸ்ட் கோப்பைப் படித்து அச்சிடுகிறேன். 'கமலா' என்று இருந்தால் எரர் இல்லை, ஆனால் புரியாத குறிகள் வருகின்றன. 'மலர்' என்று இருந்தால் யுனிகோட்டிகோட்எரர் வருகிறது. யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் இரண்டுமே சரியாகின்றன. ஏன் ஒன்று மட்டும் எரர் கொடுக்கிறது, இன்னொன்று ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் புரியவில்லை. மூன்று வரி நிரலும் முழு எரரும் கீழே."

இதில் என்னென்ன இருக்கின்றன பாருங்கள். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எதை முயன்றுவிட்டீர்கள். விண்டோஸ், 3.12 என்பவை சும்மா அலங்காரத்துக்கு இல்லை. இதே மூன்று வரியை லினக்ஸிலோ மேக்கிலோ ஓட்டினால் எரரே வராது. அங்கே இயல்பான என்கோடிங் யுடிஎஃப்-8. விண்டோஸில் பெரும்பாலும் சிபி1252 என்கிற பழைய மேற்கத்திய அட்டவணை. நீங்கள் எந்தக் கணினி என்று சொல்லாவிட்டால், உதவ வந்தவர் தன் லினக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்று போய்விடுவார். பைத்தான் 3.15 முதல் எல்லாக் கணினியிலும் யுடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது, ஆகப் பதிப்பு எண்ணும் முக்கியம்.

நிரலை ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். எழுத்தாக ஒட்டுங்கள். படத்திலிருந்து யாரும் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. வாட்ஸ்அப், டெலிகிராம் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. பெருக்கலுக்குப் போட்ட நட்சத்திரக் குறிகளைப் பார்த்து வாட்ஸ்அப் நடுவில் உள்ளதைத் தடித்த எழுத்தாக மாற்றி, குறிகளை விழுங்கிவிடும். எஸ்கேப் பொத்தானுக்கு அடியில் இருக்கிற சாய்ந்த மேற்கோள் குறியை நிரலுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று முறை தட்டுங்கள். உள்ளதை உள்ளபடியே காட்டும். ஒட்டுவதற்கு முன் கடவுச்சொல், ஏபிஐ சாவி ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், "ஹலோ சார்", "ஒரு டவுட்டு இருக்கு, கேக்கலாமா?" என்று போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மரியாதைதான், ஆனால் அதற்கு "கேளுங்க" என்று பதில் வர இரண்டு மணி நேரம் போய்விடும். வணக்கமும் கேள்வியும் ஒரே செய்தியில் போகட்டும். குழுவில் கேட்க வேண்டியதை ஒருவருடைய தனிப்பெட்டியில் போய்க் கேட்காதீர்கள். குழுவில் யாராவது தவறாகச் சொன்னால் திருத்த இன்னொருவர் இருப்பார். தனிப்பெட்டியில் அதற்கு ஆளில்லை.

தமிழில் கேட்கலாமா, ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமா என்பது பலருக்கு உள்ளூரக் கூச்சம். தமிழ்க் குழு என்றால் தமிழில் தாராளமாகக் கேளுங்கள், எரரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே போடுங்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் படிக்க 2012 முதல் வெளிவரும் கணியம் என்கிற இணைய இதழ் இருக்கிறது. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்கிற புரோகிராமிங் கேள்வி-பதில் தளம் போன்ற இடத்தில் ஆங்கிலம்தான். ஆனால் அங்கே இலக்கணப் பிழைக்காக யாரும் கேள்வியை மூடுவதில்லை. ஓட்டிப் பார்க்க முடியாத கேள்வியை மூடிவிடுவார்கள். முன்னால் சொன்ன குட்டி நிரல் உங்களிடம் இருந்தால், உடைந்த ஆங்கிலத்திலும் வேலை நடக்கும்.

கேட்க வேண்டியதையே கேளுங்கள்

இந்தப் பொறியில் புத்திசாலிகள்தான் அதிகம் விழுகிறார்கள். புள்ளியால்தான் சிக்கல் என்று கண்டுபிடித்துவிட்ட ஒருவர் நேரே போய் இப்படிக் கேட்கிறார் என்று வையுங்கள்: "ஒரு கோப்பில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் நீக்குவது எப்படி?"

பதில் சொல்ல வந்தவர் நல்லவர். கேட்டதற்கு நல்ல வழியே சொல்வார். புள்ளிகள் போய்விடும், 'மலர்' என்பது 'மலர' ஆகிவிடும். எரர் நின்றபாடில்லை, ஏனென்றால் 'முருகன்' பெயரில் 'மு'வில் உள்ள உகரக் குறியும் அதே வேலையைச் செய்யும். இவர் அடுத்து உகரத்தை நீக்குவது எப்படி என்று கேட்பார். நடுவில் தோன்றிய ஒரு யோசனையைக் கேள்வியாக்கிவிட்டு, தொடங்கிய தேவையை மறைத்துவிட்டதால் வந்த வினை. எப்போதும் முதல் தேவையை ஒரு வரி சொல்லிவிடுங்கள்: "தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பைப் படிக்க வேண்டும். புள்ளியில் எரர் வருவதால் அதை நீக்கலாமா என்று யோசிக்கிறேன்." இதைப் பார்த்த உடனே யாராவது "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்று ஓடி வருவார்.

ஏஐயிடம் கேட்பது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு முதல் கேள்வி அதற்குத்தான் போகிறது. போகட்டும். இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்லும், சலித்துக்கொள்ளாது, தமிழிலும் கேட்கலாம். ஆனால் அது வந்த அடுத்த மாதமே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களை அங்கே போடத் தடை விதித்தது. பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் நிறையத் தவறாக இருந்தன என்பதே காரணம். கருவிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறிவிட்டன. தவறையும் சரியையும் ஒரே தொனியில் சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது இது: "நிரல் எழுதிக் கொடு" என்று கேட்காதீர்கள், "இந்த எரர் எதனால் வருகிறது, நிரலைத் திருத்தாமல் காரணத்தை மட்டும் சொல்" என்று கேளுங்கள். திருத்துவது உங்கள் கையால் நடக்கட்டும். அது சொன்ன ஃபங்ஷன் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஆவணத்தில் பாருங்கள். ஒட்டிய நிரலில் ஒரு வரியை உங்களால் விளக்க முடியவில்லை என்றால், அந்த வரியைப் பற்றித்தான் அடுத்த கேள்வி. தேர்விலும் நேர்காணலிலும் அந்த வரிதான் கேட்கப்படும், அது வேறு விஷயம்.

விடை கிடைத்த பின் செய்ய வேண்டியது

யுடிஎஃப்-8 என்று போட்டதும் ஓடியது, சரி. பெரும்பாலானவர்கள் "தேங்க்ஸ் அண்ணா, ஒர்க் ஆகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எது வேலை செய்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். ஆறு மாதம் கழித்து அதே எரருடன் அந்தக் குழுவில் தேடப்போகும் ஆளுக்கு அது உதவும். அந்த ஆள் நீங்களாகவே இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

ஆனால் தானாகக் கற்பது என்பது இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஓடிவிட்ட நிரலை விட்டுவிடாமல், 'ஏன்' என்பதைப் பிடித்துக்கொண்டு போங்கள். 'மலர்' என்ற சொல்லை எடுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்திருக்கிற யுனிகோடில் அது நான்கு குறியீடுகள்: ம, ல, ர, அப்புறம் புள்ளி தனியாக. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஆக மொத்தம் 12 பைட். அந்த ஒற்றைப் பெயர் கோப்புக்கு வந்த எரர், 11ஆவது இடத்தில் சிக்கல் என்று சொல்லியிருக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 11 என்பது கடைசி பைட், அதாவது புள்ளியின் வால். புள்ளி 8டி என்ற பைட்டில் முடிகிறது (பைட்டுகளைப் பதினாறின் அடிமானத்தில் எழுதுவது வழக்கம், அதனால்தான் எண்ணோடு 'டி' என்ற எழுத்தும்). சிபி1252 அட்டவணையில் 8டிக்கு எழுத்தே ஒதுக்கவில்லை, அதனால் பைத்தான் கையை விரித்துவிட்டது. 'கமலா'வில் உள்ள எல்லா பைட்டுகளுக்கும் அந்த அட்டவணையில் ஏதோ ஒரு குறி இருக்கிறது, அதனால் குப்பையாக இருந்தாலும் சத்தம் போடாமல் வந்தது. உகரக் குறி முடிவது 81இல், அதுவும் அங்கே காலி இடம்.

எரரில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் கிடைத்துவிட்டது பாருங்கள். இதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம், நாலு வீடியோ பார்ப்பதைவிட மேல் என்பது என் கட்சி. வீடியோ பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பார்த்து முடித்ததும் மூடிவிட்டு, காலி கோப்பில் அதே நிரலை நினைவிலிருந்து எழுதுங்கள். எங்கே கை நிற்கிறதோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம். ஓட்டுவதற்கு முன் 'இது என்ன அச்சிடும்' என்று வாயால் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சந்தித்த எரர்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: எரர், காரணம், தீர்வு, மூன்று வரி போதும்.

கோப்பு படிக்க வந்துவிட்டது, எந்தப் பெயர் நீளம் என்கிற முதல் கேள்வி இன்னும் பாக்கி. நிரலை ஓட்டினால் 'மலர்' நீளம் 4 என்கிறது. பள்ளிக்கூடத்தில் மூன்றெழுத்து என்றுதானே படித்தோம்? பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டால் புள்ளி தனியாக முன்னால் வந்து தொங்குகிறது. எரர் எதுவும் இல்லை, விடை மட்டும் தப்பு. சிவப்புப் பத்தியின் துணை இல்லாத இந்த மாதிரிச் சிக்கல்தான் உண்மையில் கஷ்டமானது. இதற்கும் அதே வேலை: ஒற்றைப் பெயரை வைத்து, ஒவ்வொரு குறியீடாக அச்சிட்டுப் பாருங்கள், எழுத்தும் குறியீடும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் என்றொரு பைத்தான் நூலகம் இருக்கிறது. அதன் மூலநிரல் வெளிப்படையாகவே கிடக்கிறது. முதலில் நீங்களாக ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு அவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று திறந்து படியுங்கள்.